பதினான்காம் படுக்கையின் மணி

ஜூன் 9, திங்கள்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். யாரிடமும் சொல்ல முடியாததை இனி இந்த நோட்டில் எழுதப் போகிறேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கோவையில், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறேன். நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் தொங்கும். அழுத்தினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். அந்த மணிக்குப் பின்னால் ஓடும் நிரலை முதல் வரியிலிருந்து எழுதியவன் நான். சி மொழியில் எழுதினேன். பதினோரு வருடம் ஓடியது. அதற்காகக் கம்பெனி எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது.

எனக்கு நான்கு வருடம் பின்னால் சேர்ந்த நந்தகோபால் இன்று எனக்கு மேலாளர். நான் எம்.இ.யில் ரேங்க் வாங்கியவன். அவன் அரியர் வைத்துத் தேறியவன். ஆனால் அவனுக்குக் கூட்டத்தில் பேச வரும்.

இன்றைய கூட்டத்தில் அறிவித்தான். மணி முழுவதையும் எலிக்சர் என்ற மொழியில் திரும்ப எழுதப் போகிறார்கள். ஒரு பகுதி செத்தாலும் மற்ற பகுதிகள் நிற்காமல் ஓடுமாம். வேலையை நடத்தப் போவது சம்யுக்தா. இருபத்தொன்பது வயது.

"ஆகஸ்ட்டுக்குள்ள எல்லாரும் கத்துக்கிடணும். முடியாதவங்க இப்பவே சொல்லிருங்க, வேற ஏதாச்சும் பாக்கலாம்" என்றான்.

அந்த 'வேற ஏதாச்சும்' என்னவென்று ஜனவரியில் பார்த்தோம். நான்கு பேர் போனார்கள். நால்வருக்கும் நாற்பத்தைந்துக்கு மேல். காலையில் வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்தபோது கதவு திறக்காமல் சிவப்பு விளக்கு எரிந்துதான் அவர்களுக்கே விஷயம் தெரிந்தது. நந்தகோபால் இன்று அதைச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. என்னைத்தான் சொல்கிறான் என்று அதிலேயே புரிந்தது.

ஜூன் 12, வியாழன்

விநோதமான மொழி. ஒரு பெயருக்குள் வைத்த மதிப்பை அப்புறம் மாற்ற முடியாது. பழையதை வைத்துப் புதியதாக ஒன்று செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய, சுற்றி வரும் கட்டளையே கிடையாது. ஒரு சார்பு, அதாவது ஃபங்ஷன், தன்னைத்தானே திரும்பக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். முப்பது வருடம் வலது கையால் சாப்பிட்டவனை இடது கையால் பிசையச் சொல்வது போல் இருக்கிறது.

எனக்கு நேர் எதிரில் உட்காரும் பையன்கள் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்கள்.

காலையில் அட்டையைத் தேய்த்தேன். பச்சை.

ஜூன் 19, வியாழன்

சம்யுக்தா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், ஏன் ஒவ்வொரு எடத்துலயும் இத்தன காவல் போட்டு வச்சிருக்கீங்க?"

"தப்பான தகவல் வந்தா விழுந்துரும்மா."

"விழட்டும் சார்."

"ஆஸ்பத்திரி மணிம்மா இது."

"அதனாலதான் சார் சொல்றேன்."

அவள் ஒரு தாளில் வரைந்து காட்டினாள். ஒவ்வொரு படுக்கைக்கும் நிரலுக்குள் ஒரு தனி ஆள். அந்த ஆட்களுக்கு மேல் ஒரு மேற்பார்வையாளன். கீழே இருப்பவன் குழப்பமான தகவலைச் சந்தித்தால் சமாளிக்கக் கூடாது. உடனே செத்துவிட வேண்டும். மேற்பார்வையாளன் கண்மூடித் திறப்பதற்குள் அவனைப் புதிதாக எழுப்புவான். மூன்று முறை தொடர்ந்து செத்தால் செய்தி மேலே போகும். நர்ஸ் மேசையில் அந்தப் படுக்கையின் எண்ணோடு சிவப்பு விளக்கு எரியும்: மணியை நம்பாதே, நேரில் போய்ப் பார் என்று.

"விழுந்தாத்தான சார் மேல இருக்கறவங்களுக்குத் தெரியும்? விழாம நடிச்சுட்டு இருந்தா யாருக்குத் தெரியும்?"

அழகாகத்தான் சொன்னாள். ஆனால் இருபத்து மூன்று வருடத்தில் நான் பார்த்தது வேறு. கீழே விழுந்தவனை மேலே இருப்பவன் எழுப்பி நிறுத்தியதை இந்தக் கட்டடத்தில் நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

ஜூன் 21, சனி

குழாயில் சிறுவாணித் தண்ணீர் ஒன்பது நாளுக்குப் பிறகு வந்தது. எல்லாக் குடமும் பிடித்து வைத்தேன். இடுப்பு வலி.

ஜூலை 4, வெள்ளி

என் பகுதி முடிந்தது. பொத்தானை அழுத்தினால் நடக்க வேண்டியது முழுவதும் என் பொறுப்பு. நந்தகோபாலின் புதிய யோசனைப்படி, முதலில் நோயாளிக்குத் துணையாக இருப்பவரின் செல்போனுக்குச் செய்தி போகும். பிறகு நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். துணைக்கு இருப்பவர் டீ குடிக்கப் போயிருந்தாலும் ஓடி வருவாராம்.

சோதனைக்காக நாற்பது நோயாளிகளை நானே கற்பனை செய்தேன். நாற்பது பேருக்கும் துணைக்கு ஒருவர், அவருடைய எண். மனைவி, மகன், மருமகள், கொழுந்தனார். நாற்பதும் அடித்தது.

சம்யுக்தா வாசித்துவிட்டு ஒரே ஒரு குறை சொன்னாள். கடைசியில் நான் போட்டிருந்த மூன்று வரிகள்: எந்தப் பிழை வந்தாலும் பிடித்துக்கொள், 'சரி' என்று பதிவு செய், மேலே போ.

"இத மட்டும் எடுத்துருங்க சார்."

அவள் எதிரிலேயே அழித்தேன். "தேங்க்ஸ் சார்" என்று சொன்னாள், குழந்தைக்குச் சொல்வது போல.

ஜூலை 16, புதன்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று திருச்சி சாலை மருத்துவமனைக்காரர்களுக்கு முன்னால் செய்து காட்டும் நாள். அவர்களே ஒரு நோயாளிப் பட்டியல் கொண்டு வந்தார்கள். பெரிய திரையில் ஒவ்வொரு படுக்கையாக அழுத்தினோம். ஏழாவது படுக்கையில் என் பகுதி செத்தது. எழுந்தது. மறுபடி செத்தது. மறுபடி எழுந்தது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

நந்தகோபால் மைக்கைக்கூட அணைக்கவில்லை. "என்னங்க இது, செத்துச் செத்துப் பொழைக்குது? எழுதுன சார் மாதிரியே இருக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர்களும் சிரித்தார்கள்.

"சார், அது விழறது நல்லதுதான். எதனாலன்னு பாத்தா..." என்று சம்யுக்தா ஆரம்பித்தாள்.

"கஸ்டமர் முன்னாடி விழறதும் நல்லதாம்மா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஏன் விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

மாலையில் ஒரு சிறு திருத்தம் ஏற்றினேன். 'சிறு திருத்தம்' என்றே தலைப்பும் போட்டேன். சம்யுக்தா இரண்டு நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டாள். இனி என் பகுதி விழாது.

வரும் வழியில் காஸ் அடுப்புக்கு ட்யூப் வாங்கினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மருத்துவமனையில் இன்று முதல் புதிய மணி. நாள் முழுக்க ஒரு சிவப்பு எழுத்துகூட இல்லை. மற்றவர்களின் பகுதிகள் இரண்டு மூன்று முறை விழுந்து எழுந்தன. என்னுடையது பச்சையாகவே நின்றது.

"பாத்துக்கங்கப்பா, சாரோடது ஒரு தடவ கூட விழல. அனுபவம்னா இதுதான்" என்றான் நந்தகோபால். எதிரில் உட்காரும் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். சம்யுக்தாவும் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் போல இருந்தது. கேட்கவில்லை.

மைசூர்பாகு வாங்கிப் போனேன். என் மனைவி கோமதி, "ஏனுங்க, என்ன விசேஷம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

திருச்சி சாலை மருத்துவமனையில் பதினான்காம் படுக்கைக்காரர் கீழே விழுந்துவிட்டார். சென்னியப்பன், எழுபத்தோரு வயது, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மதியம் இரண்டு மணிக்கு மேல் கழிப்பறைக்குப் போக உதவி கேட்டுப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். யாரும் வரவில்லை. தானே இறங்கியிருக்கிறார். தலையில் அடி, இடுப்பெலும்பு முறிவு. அரை மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறார்.

நந்தகோபால் பதிவுகளை எடுத்துப் பார்க்கச் சொன்னான். 2.07 முதல் 2.31 வரை ஏழு முறை அழுத்தியிருக்கிறார். ஏழுக்கும் நேராக 'சரி' என்றிருந்தது.

"அப்பறம் என்ன! மணி அடிச்சிருக்குது, நர்ஸ் எந்திரிக்கல. நம்ம தப்பு இல்ல" என்றான்.

நிம்மதியாக இருந்தது. அப்படித்தான் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கருவியை நேரில் பார்த்துவிட்டு அறிக்கை கொடுக்க என்னை அனுப்பினார்கள். அன்று பணியில் இருந்த நர்ஸின் பெயர் எமல்டா. நாகர்கோவில் பக்கம். நாற்பது வயதிருக்கும். பேசும்போது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"சத்தியமா அடிக்கல்ல சார். டூட்டி மாறுற நேரம். அடுத்தவ வரப் பிந்திட்டா, நான் ஒத்தைக்கு இந்தச் சேருலதான் இருந்தேன். வேற பெட்டுக்கெல்லாம் அடிச்சுது, போனேன். பதினாலு மட்டும் அடிக்கல்ல."

"பதிவுல ஏழு தடவ இருக்குதேம்மா."

"அதத்தான் எல்லாரும் சொல்லுதாவ. ஏழு தடவ அடிச்சா செவிடிக்குக்கூடக் கேக்கும்லா சார்?"

நான் திரையில் பதினான்காம் படுக்கையின் விவரத்தைத் திறந்தேன். பெயர், வயது, நோய். துணைக்கு இருப்பவர் என்ற இடம் காலி. எண் காலி.

"இது ஏன் காலியா இருக்குது?"

"அவருக்கு யாரும் இல்ல சார். பெஞ்சாதி இல்ல, பிள்ள இல்ல. கூட ஆள் இல்லன்னா இங்க அட்மிஷனே போட மாட்டாவ. பக்கத்து வீட்டுக்காரரு கொண்டுவந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. நம்பர் குடுக்கல்ல. பாவம்னு நானும் விட்டுட்டேன். இந்த வார்டுலேயே அவரு ஒராளுக்குத்தான் ஆள் கிடையாது."

குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகு நனைந்துவிட்டது. "நான் பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றேன். அவர் என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எண் காலியாக இருந்தால், செல்போனுக்குச் செய்தி அனுப்பும் இடத்திலேயே நிரல் விழுந்து, மணிக்கு வராமலே போயிருக்கிறது. எண் இல்லாவிட்டாலும் மேசையில் மணி அடிக்கும்படி செய்தேன். ஜூலை பதினெட்டில் திரும்பப் போட்ட அந்த மூன்று வரிகளையும் எடுத்துவிட்டேன். சம்யுக்தாவின் ஒப்புதலைக் கேட்காமலே மதியத்துக்குள் மருத்துவமனையில் ஏற்றியாகிவிட்டது. இனி யாருக்கும் எதுவும் ஆகாது.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மருத்துவமனை விசாரணைக் குழு பதினான்காம் படுக்கையின் பொத்தானைப் பன்னிரண்டு முறை அழுத்திப் பார்த்ததாம். பன்னிரண்டு முறையும் அடித்ததாம். சென்னியப்பனின் விவரத்தை அப்படியே வைத்து அழுத்தியிருக்கிறார்கள். எண் காலியாகவே.

எமல்டாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பொய் சொன்னதையும் குற்றமாகச் சேர்த்திருக்கிறார்கள்.

நான் சரி செய்ததுதான் இப்போது அவருக்கு எதிரான சாட்சி. இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு கணம் தோன்றியது. இல்லை, தோன்றவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

சென்னியப்பன் இன்று காலை இறந்துவிட்டார்.

செப்டம்பர் 6, சனி

பக்கத்து வீட்டுக்காரர்தான் உடலை வாங்கினாராம். அவர் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார், நர்ஸ் பெயரைப் போட்டு.

கோமதி கொள்ளு ரசம் வைத்தாள். இறங்கவில்லை. "ஏனுங்க, உடம்புக்கு என்னங்க?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை கத்திவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வண்டி நிறுத்துமிடத்தில் சம்யுக்தா எனக்காக நின்றிருந்தாள்.

"சார், இருபத்தொம்பதாம் தேதி உங்க ஃபைல்ல ஒரு மாத்தம் போயிருக்குது."

"சும்மா கொஞ்சம் சுத்தம் பண்ணினேம்மா."

"ஜூலை பதினெட்டுல போனதையும் பாத்தேன் சார்."

நான் சாவியைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது.

"நாந்தான் அதுக்கு ஒப்புதல் குடுத்தேன். தொறந்துகூடப் பாக்கல. உங்க பேரப் பாத்தேன், குடுத்துட்டேன்." அவள் குரல் உடைந்தது. "என்ன சார் பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். விசாரணை நடக்குது, நடக்கட்டும்."

"நந்தகோபால் சார்கிட்ட...?"

"அவன்கிட்டச் சொன்னா மொதல்ல உன் அட்டதான் சிவப்பாகும்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் பின்னால் நகர்ந்தாள்.

செப்டம்பர் 10, புதன்

ஒரு மொட்டைக் கடிதம் தட்டச்சு செய்தேன். தவறான நிரலுக்கு ஒப்புதல் கொடுத்தது சம்யுக்தா, அனுபவமில்லாதவளிடம் பொறுப்பைக் கொடுத்தது நந்தகோபால். இரண்டு பத்திகள். நன்றாக வந்திருந்தது. இருபத்து மூன்று வருடத்தில் இவ்வளவு தெளிவாக எதையும் எழுதியதில்லை. இரண்டு முறை வாசித்தேன்.

பிறகு அழித்தேன். நல்ல மனதால் அல்ல. அவளைக் கூப்பிட்டுக் கேட்டால் அடுத்த பெயர் யாருடையது என்று சொல்லிவிடுவாள்.

செப்டம்பர் 11, வியாழன்

எமல்டா போன் செய்தார். அலுவலகத்தில் இருந்தேன். படிக்கட்டுக்குப் போய்ப் பேசினேன்.

"சார், புதன்கெழம கடைசி விசாரண. பதினோரு மணிக்கு. அதுல முடிவாக்கிட்டா நர்சிங் கவுன்சிலுக்கு எழுதிருவாவ. அப்புறம் எங்கயும் வேலைக்கு நிக்க முடியாது. போலீசும் வருது. நீங்க மெஷினப் பாத்தீங்கல்லா? அடிக்காமப் போக வழி உண்டுமா? ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

"மெஷின் சரியாத்தாம்மா இருக்குது."

இன்றைய தேதிக்கு அது உண்மை.

"அப்ப எனக்குத்தான் காது கேக்கல்லியோ சார்? ரெண்டு நாளா அதான் நெனைக்கேன். காது டாக்டருட்ட போய் டெஸ்டும் எடுத்தேன். நல்லாக் கேக்குன்னு சொல்லுதாரு. அப்ப அடிச்சிருக்குமோ, நான்தான் வேற நெனைப்புல இருந்தேனோ? அடிச்ச மாதிரியே இப்பத் தோணுது சார்."

"வெக்கிறேம்மா" என்று வைத்துவிட்டேன்.

அவர் புதன்கிழமை போய், ஆமாம், அடித்தது என்று சொல்லிவிடுவார். எனக்கு அது நல்லது.

செப்டம்பர் 12, வெள்ளி

அட்டை பச்சை. நந்தகோபால் சிரித்தான். சம்யுக்தா விடுப்பு.

செப்டம்பர் 14, ஞாயிறு

விசாரணைக் குழுவுக்கு அனுப்ப, நேற்றும் இன்றும் இந்த நோட்டு முழுவதையும் அப்படியே தட்டச்சு செய்தேன். தனிக் கடிதம் எழுதினால் மறுபடி நான் நல்லவனாகத்தான் வருவேன். போன புதன்கிழமை அந்த மொட்டைக் கடிதத்தை எப்படி எழுதினேன் என்று பார்த்தேனே. அதனால் எதையும் திருத்தவில்லை. ஆகஸ்ட் 26 அன்று 'நிம்மதி' என்று எழுதியதையும் விட்டுவிட்டேன். அன்றே, ஏழு 'சரி'களைப் பார்த்ததும் எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை அங்கே வைத்தவன் நான். மருத்துவமனைக்குப் போனது தெரிந்துகொள்வதற்காக அல்ல, தெரிந்தது பொய்யாக இருக்கக் கூடாதா என்று பார்ப்பதற்காக.

அதனோடு ஒரு பக்கம் மட்டும் புதிதாகச் சேர்த்திருக்கிறேன்:

'நீங்கள் செப்டம்பர் 2 அன்று சோதித்த மணி, ஆகஸ்ட் 26 அன்று இருந்த மணி அல்ல. இடையில் மாற்றப்பட்டது. கம்பெனியிடம் ஆகஸ்ட் 26 அன்று ஓடிய நிரலைக் கேட்டு வாங்குங்கள். அது அழிவதில்லை, கட்டாயம் இருக்கும். துணைக்கு ஆள் இல்லாத, எண் இல்லாத ஒரு நோயாளியை அதில் ஏற்றுங்கள். எந்தப் படுக்கையாக இருந்தாலும் சரி. பொத்தானை அழுத்துங்கள். மணி அடிக்காது. பதிவில் மட்டும் சரி என்று விழும். ஜூலை 16 அன்று உங்கள் ஆட்களின் முன்னால் நிரல் விழுந்ததும் இதனால்தான். உங்கள் பட்டியலில் ஏழாவது ஆளுக்கு எண் இல்லை. அன்றே பார்த்திருக்க வேண்டும். சிஸ்டர் எமல்டாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.'

இன்னொரு நகல் எமல்டாவுக்கு. முகவரி தெரியாததால் குழுவின் உறையிலேயே வைத்து, அவரிடம் தரும்படி எழுதியிருக்கிறேன். தருவார்களா என்று தெரியாது.

கையெழுத்துப் போடுவதா என்பதில் மாலை முழுவதும் போனது. பெயர் இல்லாத காகிதத்தைக் குப்பையில் போடுவார்கள் என்று ஒரு பக்கம். பெயர் போட்டால் போலீஸ் என்று மறு பக்கம். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள், கோமதி, அக்கம்பக்கம். நந்தகோபால் மைக்கில் என்ன சொல்வான் என்பதுகூட. ஒருவர் செத்துப்போன பிறகும் அந்தச் சிரிப்புக்குப் பயப்படுகிறேன்.

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் செவ்வாய்க்கிழமை கட்டாயம் கிடைத்துவிடும். ஆனால் கவுண்டரில் அனுப்புநர் பெயரும் செல்போன் எண்ணும் கேட்பார்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாசலில் கேமரா. சாதாரணத் தபாலில் போட்டால் செவ்வாய் கிடைக்கலாம், புதன் காலை கிடைக்கலாம், புதன் மாலையும் கிடைக்கலாம். விசாரணை பதினோரு மணிக்கு.

"ஏனுங்க, யாருக்கு இத்தாம் பெரிய கவரு?" என்றாள் கோமதி.

"ஆபீஸ் விஷயம்."

அவள் உறையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். "உங்க பேரே காணமே. போய்ச் சேராட்டித் திரும்பி வாரதுக்கு எழுத வேண்டாமா?"

"திரும்பி வர வேண்டாம்."

தட்டச்சு செய்த பக்கங்களில் கடைசியாக ஒரு முறை தேடிப் பார்த்தேன். நந்தகோபால் இருக்கிறான், சம்யுக்தா இருக்கிறாள், எமல்டா, சென்னியப்பன், என் மனைவிகூட இருக்கிறாள். என் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. எல்லோரும் என்னை 'சார்' என்றே கூப்பிட்டிருக்கிறார்கள்.

சாதாரணத் தபால்தான். ஐந்து ரூபாய்த் தபால் தலைகள் ஏழு ஒட்டினேன், குறைந்துவிடக் கூடாது என்று. நாளைக் காலை முதல் தபால் எடுப்புக்கு முன், எங்கள் தெருப் பெட்டியில் இல்லாமல், ரயில் நிலையத்துப் பெட்டியில் போடுவேன். பெயர் எழுதாமல்.